உட்கார்ந்து பார்க்கிற வேலை

கபடி லீகின் ஆட்ட அட்டவணை வெளியான மறுநாள் காலை, நான் பல் விளக்கி முடிப்பதற்குள் மான்குர்த்திலிருந்து போன் வந்துவிடும். என் வீட்டுக்காரருடைய சித்தப்பா. அவர் என் வீட்டுக்காரரைக் கூப்பிட மாட்டார். பயிற்சியில் இருக்கிறவனைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். எனக்குத் தொந்தரவு என்று ஒன்றே கிடையாது என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது.

"ஏ பிள்ள, பம்பாய்ல ஆட்டம் வைக்கானுவளாம்லா. நமக்கு எத்தன பாஸு?"

"பாக்கிறேன் சின்ன மாமா."

"என்னத்தப் பாக்கது? சும்மா கெடைக்கதுதான. நம்ம பக்கத்துல ஒரு பத்துப் பேரு வாரோம்னு வச்சுக்க."

அவர் வைத்ததும் தாணேயிலிருந்து ஒரு மதினி, அதற்கடுத்து எங்கள் சந்திலேயே நாலு வீடு தள்ளி இருப்பவர்கள். எல்லோருடைய வாயிலும் அந்த ஒரு சொல்தான். சும்மா. கபடி பற்றி எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் இந்தச் சொல்தான் முதலில் காதில் கேட்கும்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் மூன்று சீசன் ஒரு தொழில்முறைக் கபடி அணியில் இருந்தார். நம் ஊரில் ஆட்டம் நடந்தால் ஓர் ஆட்டக்காரருக்கு இரண்டு இலவசப் பாஸ் கொடுப்பார்கள். இரண்டே இரண்டு. அதற்கு மேல் எங்கள் சொந்தபந்தம் உட்கார்ந்த ஒவ்வொரு நாற்காலிக்கும் நாங்கள் காசு கொடுத்தோம், அவருடைய சம்பளத்திலிருந்தும் என் சம்பளத்திலிருந்தும். இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லவும் முடியாது. நம்ம பையன் ஆடுகிற இடத்துக்கு நாமே டிக்கெட் எடுத்துப் போவதா? கல்யாண வீட்டு வாசலில் நின்று சொந்தக்காரர்களிடம் சாப்பாட்டுக்குக் காசு கேட்பதும் அதுவும் அவர்களுக்கு ஒன்றுதான். ஒருவரைக் கூப்பிட்டு இன்னொருவரை விட்டால் அது பத்து வருடத்துக்கு நிற்கும்.

நான் செம்பூரில் வளர்ந்தவள். இப்போதும் செம்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் ரிசப்ஷனில் உட்கார்கிறேன். எங்கள் அப்பா ஆபீஸ்காரர். எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் டிவியில் கிரிக்கெட், அவ்வளவுதான். தாராவியில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான், ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பையன் மண்ணில் உருண்டுவிட்டு வருவதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் அப்படி உருண்டவர்தான். அங்கே ஒவ்வொரு மண்டலும், அதாவது தெருப் பையன்களின் சங்கமும், வருடத்துக்கு ஒரு போட்டி நடத்தும். மண்ணைக் கொத்தி, தண்ணீர் தெளித்து, கம்பம் நட்டு விளக்குக் கட்டுவார்கள். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது. அந்த ஆட்டத்தால் அவருக்கு விளையாட்டுக் கோட்டாவில் ஒரு அரசு அலுவலக வேலை கிடைத்தது, அங்கிருந்து லீக் அணிக்கும் போனார்.

அந்த மண் ஆட்டங்களுக்குப் பெண்கள் போவதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆண்கள் கூட்டம், தள்ளுமுள்ளு, காதில் விழக் கூடாத பேச்சு, அதனால் போவதில்லை. ஆகவே என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், மகன் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவருக்கு மகனுடைய ஆட்டம் என்றால் ஊறவைத்துக் கசக்க வேண்டிய பனியன். மண் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை வைத்து ஜெயித்தானா தோற்றானா என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும்.

லீக் ஆட்டம் அப்படியில்லை. வொர்லியில் பெரிய கூரை போட்ட உள்ளரங்கம், எல்லோரும் டோம் என்பார்கள். ஏசி, நாற்காலி, விளக்கு. பெண்களும் குழந்தைகளும் போகிறார்கள். முதல் வருடம் டிக்கெட் விலையும் பயமுறுத்தவில்லை. மாட்டுங்காவில் இரண்டு பேர் மசால்தோசை சாப்பிட்டுக் காபி குடிக்கிற காசுதான் ஒரு டிக்கெட். ஒரு கல்யாண பஸ் கொள்ளும் கூட்டத்துக்கு வாங்கினோம். மாஹிமில் ரயில் ஏறி, மகாலக்ஷ்மியில் இறங்கி, டாக்ஸிகளில் அடைந்துகொண்டு போனோம். அத்தை பட்டுச் சேலை கட்டியிருந்தார். மாமா, அதாவது என் மாமனார், குழாய்க்கும் தாழ்ப்பாளுக்கும் ஒரு கடை வைத்திருக்கிறார். அன்று அதைப் பூட்டினார். அவர் கடை பூட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கேட்டில் ஒரு சங்கடம். அத்தை ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சைச் சோறு கொண்டு வந்திருந்தார். காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "கானா அந்தர் நஹீ." சாப்பாடு, தண்ணீர் பாட்டில் எதுவும் உள்ளே போகக் கூடாது. உள்ளே விற்பதைத்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் ஒரு நீல டிரம் இருந்தது, அதில் கொட்டிவிடுங்கள் என்றார்.

"சோத்தக் கொட்டுததா? இவன் பைத்தியமால?" என்றார் அத்தை.

கொட்டவில்லை. அத்தனை பேரும் நடைபாதையில் வரிசையாக நின்று சாப்பிட்டோம். தட்டு இல்லாதவர்கள் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள். காவலாளிக்கும் ஒரு கை கொடுத்தார் அத்தை. அவர் ரசித்துச் சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டுக் காலிச் சட்டியையும் உள்ளே விடவில்லை. அதை வெளியே ஒரு கரும்புச்சாறுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் உள்ளே போனபோது பாதி ஆட்டம் முடியப் போகிற நேரம்.

"எங்கன இருக்கான்?" என்று அத்தை கேட்டார். காட்டினேன்.

அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கீழே மேட் விரிப்பில் ஏழு பேர் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து கிடந்தார்கள். ஒருத்தன் முழங்கையில் ரத்தம். ஓரத்தில், அணியின் பேர் போட்ட மேல்கோட்டும் கழுத்தில் வெள்ளைத் துண்டுமாக என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் பேண்ட் சட்டை போட்ட பயிற்சியாளர். அவர் நடுநடுவே சாய்ந்து இவரிடம் ஏதோ கேட்டார், இவர் தலையாட்டினார்.

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது.

"மத்தவனுவ கெடந்து உருளுதானுவ பாத்தியா. எம்மவன் உக்காந்துல்லா பாக்கான்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. எங்கள் சந்தில் வேலை இரண்டு வகை. நின்றுகொண்டு செய்கிற வேலை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. கடை, பட்டறை, மிஷின் எல்லாம் நிற்கிற வேலை. மாமா வருடக்கணக்காக நின்று நின்று காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே "மாப்பிள்ளைக்கு உக்காந்து பாக்குத வேலையா?" என்றுதான். அப்படிப்பட்ட இடத்தில், மற்றவர்கள் வியர்க்க விறுவிறுக்க உருளும்போது ஒருவன் கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவன் யார்? மேஸ்திரிக்கும் மேலே உள்ள ஆள். அதிகாரி.

மறுநாள் விடிவதற்குள் சந்து முழுக்கச் செய்தி போய்விட்டது. தண்ணீர்க் குழாயடியில் அத்தை சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். "அவனக் கேக்காம அந்த டிரெய்னர் ஒண்ணும் செய்ய மாட்டானாம்." எதிர்வீட்டுப் பெண் என்னிடமே வந்து, உன் வீட்டுக்காரருக்குப் பிரமோஷனாமே என்றாள்.

என் வீட்டுக்காரர் பிடிக்கிற ஆட்டக்காரர். எதிரணியிலிருந்து பாடி வருகிறவனை மடக்குவதுதான் அவர் வேலை. அந்த இடத்துக்கு அவரைவிட இளைய ஒருவனை அணி வாங்கி வைத்திருந்தது. அவனுக்கு அடிபட்டாலோ அவன் சரியாக ஆடாவிட்டாலோ இவரை இறக்குவார்கள். அவன் திடகாத்திரமாக இருந்தான், சரியாகவும் ஆடினான். சீசன் முழுக்க இவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

அத்தை சொல்லிக்கொண்டு திரிவதை நான் அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார்.

"ஏளா, நீ ஒண்ணும் சொல்லிராத. அம்மா நெனச்சா நெனச்சிட்டுப் போட்டும்."

"அதுக்காகப் பொய்யா?"

"நீ சும்மா இரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்களத்தான் அங்க சும்மா உட்கார வச்சிருக்காங்க. என்னையும் ஏன்?" என்று கேட்டுவிட்டேன். அதோடு இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு நின்றது. அப்புறம் அவரே டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார், அது முடிந்தது. சீசன் முடிகிறவரை கூட்டம் கூட்டமாகச் சொந்தக்காரர்கள் போய் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். டிக்கெட் நாங்கள் வாங்கினோம்.

இரண்டாவது வருடம் விலை ஏறியது. அணி முந்தின வருடம் கடைசிச் சுற்றுவரை போயிருந்தது, சினிமாக்காரர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கையசைத்தார்கள், டிவியில் இரவும் பகலும் விளம்பரம். இதெல்லாம் போதாதா? காலையில் ஆப்பில் பார்த்த விலை சாயங்காலம் இருக்காது. பெரிய அணி வருகிற நாளுக்குத் தனி விலை, ஞாயிற்றுக்கிழமைக்குத் தனி விலை. எல்லாம் கூட்டி வந்த பிறகு கடைசியில் சேவைக் கட்டணம் என்று ஒன்று, அதற்கு ஒரு வரி. என்ன சேவை? என் போனில் என் விரலால் நான் தட்டினேன். சேவை செய்தவள் நான்தான். எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லை.

அந்த வருடம் ஐந்து பேர் போய்வந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு மாதம் பால் வாங்குகிற காசு போனது. பாஸைக் குறைத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தோம். சிலர் நம்பினார்கள். சிலர், பெண்டாட்டி வீட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறான் என்று பேசினார்கள். என் அப்பா ஒரு ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. அவருக்குக் கபடி என்றால் சட்டை கிழிகிற விஷயம். வாங்கினதையும் மேல்வரிசையில்தான் வாங்க முடிந்தது. அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் உச்சந்தலை தெரியும், முகம் தெரியாது.

மான்குர்த் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. படி ஏறும்போதே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். போன வருடம் கீழே உட்கார்ந்தவருக்கு இந்த வருடம் கூரைக்குப் பக்கத்தில் இடம் என்றால் அவருக்கு அது அவமானம். ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும் எல்லோர் முன்னாலும் வெடித்துவிட்டார்.

"ஆகாசத்துல கொண்டு உக்காத்திட்டிய என்ன. கீழ யாருக்குக் குடுத்திய?"

அத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "அவன் அங்க எவ்வளவு பெரிய எடத்துல இருக்கான். அவனுக்குத் தெரியாதா யார எங்க உக்காத்தணும்னு?"

"என்ன பெரிய எடம்? மதினி, ஒமக்கு ஒண்ணும் தெரியாது. உம்ம மவன் எக்ஸ்ட்ரா ஆளு. ஆடத் தேவையில்லன்னு சும்மா உக்காத்தி வச்சிருக்கானுவ. ஊரே சிரிக்கி."

மாமா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.  மாஹிம் ஸ்டேஷனில் இறங்கி, மேம்பாலத்தின் படி ஏறும்போதுதான் அத்தை என்னைப் பார்த்தார்.

"எக்ஸ்ட்ராவா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமா அத்தை. கோச்சுக்குத் தோணினா எறக்குவாங்க. இல்லேன்னா இல்ல."

"ஆட வந்தவனத்தான் உக்காத்தி வச்சிருக்கானுவளா?"

"ஆமா."

அவர் ஒரு படியில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு திட்டினார்கள். சொன்னது சொன்னதுதான் என்று மீதியையும் சொன்னேன். பாஸ் இரண்டுதான், மற்றதெல்லாம் நாங்கள் வாங்கியது, விலை இன்னது. அத்தை விலையைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவருக்கு எதில் அதிக அடி விழுந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாலத்தைக் கடந்து சந்துக்குள் திரும்பியதும் மெதுவாகச் சொன்னார்.

"அவன் ஒரு வாட்டி எந்திரிச்சு ஆடுதத எங் கண்ணால பாத்துரணும். அது போதும்."

அன்றிலிருந்து அத்தை வேறு ஆளாகிவிட்டார். டிவியில் எந்த அணி ஆடினாலும் பார்த்தார். போனஸ் கோடு எது, ஏன் ஒருத்தன் வெளியே போகிறான், எப்போது திரும்பி வருவான் என்று என்னைப் பிடுங்கி எடுத்தார். எனக்கே பாதி தெரியாது, அவருக்காகத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதத்தில் அவர் நடுவரைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டார். குழம்பு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை, டைம் அவுட் வருகிறவரை எழுந்திருக்க மாட்டார். நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது கல்யாணமான பிறகு அப்போதுதான்.

மூன்றாவது வருடம் ஒப்பந்தத்தின் கடைசி வருடம். என் வீட்டுக்காரருக்கு முட்டி தேய ஆரம்பித்திருந்தது. அடுத்த ஏலத்தில் தன் பேரை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அத்தையிடம் நாங்கள் சொல்லவில்லை, ஆனால் அவர் ஏலம் எப்போது என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். டிக்கெட் விலையோ கையில் பிடிக்கிற மாதிரி இல்லை. கீழ்வரிசை ஒன்றின் விலைக்குக் குர்லாவில் நல்ல மிக்ஸி வாங்கலாம். மேல்வரிசையும் எங்களுக்கு எட்டவில்லை. மும்பையில் நடந்த ஆட்டங்களும் அந்த வருடம் கொஞ்சம்தான்.

வழக்கம்போல் மறுநாள் காலை மான்குர்த்திலிருந்து போன் வந்தது. அத்தை என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"பாஸு கெடையாது. ரெண்டுதான் குடுக்கானுவ. ஒமக்கு வேணும்னா துட்டுக் குடுத்து வாங்கிட்டு வாரும். நாங்க இவ்வளவு நாளா அப்படித்தான் ஒமக்கு வாங்கினோம்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று தெரியாது. அத்தை போனைத் திருப்பித் தந்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூன்று வருடமாக என் தொண்டையில் நின்ற வார்த்தை அது. சித்தப்பா வாங்கிக்கொண்டு வரவில்லை. யாருமே வரவில்லை. முதல் வருடம் ஒரு பஸ் கூட்டம், மூன்றாவது வருடம் இரண்டு நாற்காலி.

முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அத்தையும் மாமாவும் போனார்கள். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தே இருந்தார். கடைசி ஆட்டத்துக்கு அத்தை என்னைக் கூப்பிட்டார். "உங்க மாமா ஏசில தூங்கிருதாவ. நீ வா. எனக்குப் பேச்சுக்கு ஆளு வேணும்." மாமாவுக்கும் அது வசதியாகப் போயிற்று. கடையில் டிவி இருக்கிறது.

நாங்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய் உட்கார்ந்தோம். தண்ணீர் பாட்டிலைக் கேட்டில் பிடுங்கிக்கொண்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். எங்கள் அணி நன்றாக ஆடியது. பாதி ஆட்டத்துக்குப் பிறகு புள்ளி வித்தியாசம் கூடிக்கொண்டே போயிற்று. அத்தை கணக்குப் போட்டார். இவ்வளவு முன்னால் இருக்கும்போது உட்கார்ந்திருப்பவர்களை இறக்குவார்கள், டிவியில் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.  அடிக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் இருவரும் கத்தினோம். கத்திக் கத்தி எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இரு, தண்ணி வாங்கிட்டு வாரேன்" என்று அத்தை எழுந்தார்.

"வேண்டாம் அத்தை, விலை—"

"சாவப் போறியா? இரு."

சுருக்குப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு படி ஏறிப் போனார். கைப்பையும் அதிலிருந்த போனும் என் மடியில்.

அவர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பயிற்சியாளர் திரும்பி என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டினார். அவர் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டார். குனிந்து மேட் விரிப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே இறங்கினார். நான் எழுந்து நின்று மேலே படியைப் பார்த்துக் கத்தினேன். இருமலில் குரலே வரவில்லை. அத்தையின் நம்பருக்குப் போன் போட்டேன். என் கையிலிருந்த அவர் பையிலேயே மணி அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதிரணியின் ஆள் பாடி வந்தான். நல்ல உயரம். இடது மூலையை நோக்கிக் காலை நீட்டி ஒரு எட்டு வைத்தான். என் வீட்டுக்காரர் அப்படியே முன்னால் விழுந்து அவன் கணுக்காலைப் பிடித்தார். அவன் உதறினான், இழுத்தான், கோட்டை நோக்கிப் பாய்ந்தான். இவர் தரையோடு தரையாக இழுபட்டுப் போனார், பிடியை விடவில்லை. அப்புறம் மற்ற ஆறு பேரும் வந்து மேலே விழுந்தார்கள். விசில். அரங்கம் முழுக்க எழுந்து கத்தியது. அடுத்துப் பாடி வந்தவன் இவரைத் தொட்டுவிட்டுப் போனான், இவர் வெளியே வந்தார். அவர் திரும்பி உள்ளே போவதற்குள் ஆட்ட நேரம் முடிந்துவிட்டது.

அத்தை அப்போது எங்கே இருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மேலே கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு அவர் சண்டை போட்டிருக்கிறார். "பையா, பானி கா பாவ் போலோ, தேல் கா நஹீ" என்று தன் ஹிந்தியில் கேட்டிருக்கிறார், தண்ணீர் விலையைச் சொல், எண்ணெய் விலையைச் சொல்லாதே என்று. அவன் அசையவில்லை. கடைசியில் கேட்டதைக் கொடுத்து வாங்கினார். பாட்டிலை அப்படியே தர மாட்டார்களாம். யாராவது கீழே எறிந்துவிடுவார்கள் என்று மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். மூடியில்லாத பாட்டிலை, அவ்வளவு விலை கொடுத்த தண்ணீரை, ஒரு சொட்டுச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அத்தை படி இறங்கினார். அரங்கம் எழுந்து கத்தியபோது அவர் உள்ளேதான் இருந்தார், எங்கள் வரிசைக்குப் பத்துப் படி மேலே, எழுந்து நின்ற கூட்டத்துக்குப் பின்னால். கண் பாட்டிலில் இருந்தது.

"இந்தா குடி. எதுக்கு இப்படிக் கத்துதானுவ?"

நான் பாட்டிலை வாங்கவில்லை. "எறக்கினாங்க அத்தை."

அவர் கீழே பார்த்தார். ஆட்டக்காரர்கள் வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் கோட்டில்லாமல் என் வீட்டுக்காரர்.

"எந்திரிச்சானா?"

"எந்திரிச்சாங்க. ஒருத்தனப் பிடிச்சாங்க. பெரிய ஆளு அத்தை, நல்ல உசரம். அவங்கதான் பிடிச்சாங்க."

"புடிச்சிட்டானா?" அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டிலை என் பக்கம் நீட்டினார். "நீ தண்ணியக் குடி மொதல்ல. அம்புட்டு ரூவா."

நான் குடித்தேன். பாதியை அவருக்குக் கொடுத்தேன், அவரும் குடித்தார். மிச்சம் வைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அணியோடு ஹோட்டலுக்குப் போய்விட்டார். நாங்கள் மகாலக்ஷ்மியில் லேடீஸ் பெட்டியில் ஏறினோம். உட்கார இடம் இல்லை, கதவுக்கு உள்பக்கம் நின்றோம். குடும்ப வாட்ஸ்அப்பில் மான்குர்த் சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். தன் வீட்டு டிவியைத் தன் போனில் படம் பிடித்தது. கூடவே "நம்ம பய புடிச்சிட்டாம்லா!" என்று எழுதியிருந்தார். அத்தைக்குக் காட்டினேன். கேமரா பாடி வந்தவனின் முகத்தையே காட்டியது. பிறகு ஒரு மனிதக் குவியல், அதன் அடியிலிருந்து ஒரு கை. பின்னணியில் சித்தி, கேஸை அணைக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அத்தை அதை மூன்று தடவை பார்த்தார்.

"இதுல ஆளே தெரியல. எப்படிப் புடிச்சான்?"

"கணுக்கால."

"அது தெரியுது. எப்படின்னு கேக்கேன். நீ பாத்தேல்லா? செஞ்சு காட்டு."

"இங்கயா?"

"பின்ன எங்க?"

நான் பைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் குந்தி உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு மராத்தி அம்மாள், ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து அவரும் குனிந்து தேடினார். நான் அத்தையின் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, மெட்டி போட்ட அந்தக் காலின் கணுவைப் பிடித்தேன்.

"இப்படித்தான். முன்னால விழுந்து, ரெண்டு கையாலயும்."

"இம்புட்டுத்தானா? இப்படிப் புடிச்சா அவன் ஓடிருவான். இறுக்கிப் புடி."

இறுக்கிப் பிடித்தேன். அத்தை மேலே கம்பியைப் பற்றிக்கொண்டு காலை ஓர் இழுப்பு இழுத்தார். அவருக்கு அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நான் சறுக்கி முட்டி போட்டேன்.

"அவன் விட்டானா?"

"விடல."

"அப்பம் நீயும் விடாத."

அவர் மறுபடி இழுத்தார். முகத்தைப் பார்த்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவர் அதைத் துடைக்கவும் இல்லை. நாங்கள் இறங்க வேண்டிய மாஹிம் வந்து வண்டி நின்றது. இறங்குகிறவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். "விட்றாத பிள்ள, விட்றாத" என்று அத்தை இழுத்துக்கொண்டே இருந்தார். வண்டி புறப்பட்டது. நான் விடவில்லை.